பதினேழாவது வாக்கியம்

தொலைபேசியில் பேசிய ஆசிரியைக்குச் சளி பிடித்திருந்தது. வாக்கியத்துக்கு ஒரு தும்மல், தும்மலுக்கு ஒரு மன்னிப்பு என்று போய்க்கொண்டிருந்ததால் விஷயத்துக்கு வரவே நேரமாகிவிட்டது.

"எட்டாம் வகுப்பு ஒர்க்புக் மேடம். ஆறாவது பாடம், நவுன் ஃபிரேஸ். ரெண்டாவது பயிற்சியில பதினேழாவது வாக்கியம். நீங்க விடையில ரெண்டு இருக்குன்னு போட்டிருக்கீங்க. எங்க பிள்ளைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு தோண்டித் தோண்டி எடுத்துட்டு வருதுங்க. மார்க் குடுக்கலாமா, வேண்டாமா?"

"பெருசா இருக்கறத மட்டும் எண்ணச் சொல்லுங்க மேடம். உள்ள இருக்கறதெல்லாம் அதோட பிள்ளைங்க மாதிரி. அம்மாவ எண்ணியாச்சுன்னா பிள்ளைங்களத் தனியா எண்ண வேண்டாம்," என்றாள் அவள். இந்தப் பதிலைப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆசிரியை சிரித்தார், தும்மினார், நன்றி சொன்னார். எதற்கும் வாக்கியத்தை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று அவள் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். பதினேழாவது வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மேசையருகே இருந்த பெண், கணவனின் நான்கு அழைப்புகள் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இலக்கணம் சரியாக இருந்தது. பிறகு புத்தகத்தை மூடி, அட்டையில் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள். எதிரே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வு வழக்கம்போல நாற்காலிக் கால்கள் வழியாக ஏறி வந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போக வேண்டிய நேரத்தில் அவள் பேனாவை மூடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அவள் இப்படித்தான் இருக்கிறாள்.

அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்கள் எழுதுகிறவள். வகுப்பறையில் ஒருநாளும் நின்றதில்லை. ஆனாலும் அச்சகத்தில் முதலாளியிலிருந்து மூட்டை கட்டுகிறவர் வரை அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை பார்ப்பதும் அவளேதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பேர். ஒரு கால்புள்ளி தப்பி ஓடியிருந்தாலும் பிடித்து உட்கார வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இந்தப் பக்கத்தை மூன்று முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். என்னத்தைப் பார்த்தாளோ! எழுவாயைப் பார்த்தாள், வினையைப் பார்த்தாள், பன்மைக்குப் பன்மை பொருந்துகிறதா என்று பார்த்தாள். வாக்கியம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியம் என்ன சொல்கிறது என்று யார்தான் பார்க்கிறார்கள்?

பெயர்ச்சொற்றொடர் என்று தமிழில் சொன்னால் பயமாகத்தான் இருக்கும். விஷயம் சின்னது. ஒரு பெயர், அதைச் சுற்றி அதன் உற்றார் உறவினர், அவ்வளவுதான். சட்டை என்பது பெயர். சாம்பல் நிறச் சட்டை என்றாலும் அதே பெயர்தான், கொஞ்சம் பெருத்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், காலர் நைந்த சாம்பல் நிறச் சட்டை என்றாலும் ஒரே பெயர்தான். தமிழில் இந்த உறவுக்கூட்டம் மொத்தமும் முன்னால் வந்துவிடும்; சட்டை எல்லோருக்கும் கடைசியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் பாதிப்பேர் முன்னால், பாதிப்பேர் பின்னால். பிள்ளைகள் திணறுவது அங்கேதான். எது வரைக்கும் ஒரே தொடர் என்று தெரியாவிட்டால் அந்த இடத்தில் 'அது' என்று ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் நின்றால் சரி என்று அவள் எழுதியிருந்தாள். உறவுக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். 'அதுக்கப்புறம் எப்படிம்மா சமாளிக்கிற?' என்றார்கள். 'அது நடந்து எத்தன மாசம் ஆச்சு?' என்றார்கள். எவ்வளவு நீளமானதையும் 'அது' என்ற ஒரு சொல் தாங்கிக்கொண்டது.

அது இதுதான். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வீட்டில் யாரையும் கேட்காமல், சனி ஞாயிறு குடும்பத்தோடு வந்து தங்குகிறோம் என்று தன் அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னான். திங்கட்கிழமை அவள் கைப்பிரதி கொடுத்தாக வேண்டும். "உங்க அக்காவுக்கு வாக்கு குடுக்கறப்போ வீட்டுல ஒருத்தி இருக்காங்கறதே மறந்து போச்சா?" என்று ஆரம்பித்தது. அவன் சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் போய்விட்டான். பதினொன்று பத்துக்கு, அவள் அச்சகத்தில் இருந்தபோது, அவன் போன் வந்தது. சமாதானம் பேசக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். வேலை நேரத்தில் என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது? பதினொன்று பதினாலு, பதினாறு, இருபத்தொன்று. நாலாவது தடவை திரை மினுங்கியபோது சத்தத்தை அணைத்து, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவன் அப்போது பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டம் கூடித் தூக்கிக்கொண்டு ஓடியதில் அவனுடைய போன் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. சட்டைப் பையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்துக் கம்பெனிக்குச் சொன்னார்கள். கம்பெனிப் பதிவேட்டில் கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த அக்காவின் எண்தான் இருந்தது. அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், அச்சகத்துத் தொலைபேசிக்குக் கூப்பிட்டபோது ஒரு மணி ஆகியிருந்தது.

"உன் போனுக்கு என்ன ஆச்சு?" என்று ஆஸ்பத்திரி வாசலில் நாத்தனார் கேட்டாள். "சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிடுச்சுண்ணி," என்றாள் அவள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதையே பிறகு கம்பெனிக்காரர்களிடம் சொன்னாள், அம்மாவிடம் சொன்னாள், பதிமூன்று வயது மகளிடமும் சொன்னாள். மகள் தலையாட்டினாள். யாரும் துருவவில்லை. துருவியிருந்தால் அன்றைக்கே உடைந்திருப்பாள், அழுதிருப்பாள், ஒரு வழியாகியிருக்கும். அவன் என்னைத்தான் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. இந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்ல முடியாததால் அவளால் வேறு எதையும் சொல்ல முடியாமல் போயிற்று. அழுகையும் அதோடு அடைத்துக்கொண்டுவிட்டது.

இருபதாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். முதலாளி நல்ல மனுஷர்தான்; "மெதுவா வாங்க டீச்சர், அவசரமில்ல, ஆனா ஆறாவது பாடம் மட்டும் பாக்கி இருக்கு," என்றார். அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் யாருடைய வீடும் இருக்கக் கூடாது. சிவப்புத் தொப்பி போட்ட பையன், மரத்தடியில் ஒரு கிழவர், உயரமான சுவர்மேல் ஒரு பூனை. உப்புச்சப்பில்லாத ஜனங்கள். அவர்களை எல்லாம் ஒரு பழைய நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். பாடத்துக்குப் பாடம் மாற்றி மாற்றி வேலை வாங்குவாள். அன்றைக்கு அந்த நோட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். யோசித்தால் தலைக்குள் ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டதையும் கண்ணுக்குள் நின்றதையும் எழுதினாள். கதவுக்குப் பின்னால் தொங்கும் சாம்பல் நிறச் சட்டை. கண்ணாடிக்குக் கீழே டம்ளரில் மூன்றாவது பிரஷ். ஜிப் அறுந்த மகளின் பழுப்பு நிறப் பை. யாரும் எடுக்காத சாப்பாட்டு டப்பா. இருபது வாக்கியங்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. அவ்வளவு வேகமாக அவள் எழுதியதே இல்லை.

அந்தப் புத்தகத்தைத்தான் இந்த வருஷம் மகளின் பள்ளியில் வைத்திருக்கிறார்கள். அன்று காலையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "நாளைக்கு உன் ஆறாவது பாடம்மா. மிஸ் ரெண்டாவது பயிற்சிய வகுப்புலயே போடச் சொல்லிருக்காங்க," என்று மகள் சொன்னாள். "ம், போடு," என்றாள் இவள். இப்போதுதான் அது உறைத்தது. உறைத்தது என்றும் சொல்ல முடியாது. நாளைக்கு மழை வரும் என்று யாரோ சொன்னமாதிரி இருந்தது. மகள் அந்த இருபது வாக்கியங்களையும் படிப்பாள். சட்டையைப் பார்ப்பாள், பிரஷைப் பார்ப்பாள், தன் பையைப் பார்ப்பாள். இது யார் வீடு என்று அவளுக்குப் பதினாறு வாக்கியத்துக்குள் தெரிந்துவிடும். பிறகு பதினேழு வரும்.

அவள் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனாள்.

"ஆறாவது பாடத்துல ஒரு வாக்கியத்த மாத்தணும் சார்."

"இலக்கணத் தப்பா?"

"இல்ல சார்."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. சரியில்ல, அவ்ளோதான்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், புக்கு பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போய் மூணு வாரம் ஆச்சு. தப்பே இல்லாத ஒரு வாக்கியத்துக்குத் திருத்தம் போட்டா, தப்பு இருக்கற மத்ததுக்கு என்ன போடறது? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம், விடுங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊரிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளும் படித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. ஒரே ஒரு பிரதிதான் அவள் கவலை.

தட்டச்சு அண்ணன் கணினிக்கு முன்னால் காலைச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷமாக ஆங்கிலப் புத்தகங்களை அடித்துத் தள்ளுகிறவர். எழுத்துகள் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "படிச்சா வேகம் கொறஞ்சிடும் டீச்சர்," என்பார். அவள் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்து, அதே எழுத்தில், அதே அளவில், அதே நீளத்துக்கு ஒரு சீட்டு அடித்துத் தரச் சொன்னாள். பழைய நோட்டுப் பேர்வழி ஒருவனைத்தான் கூப்பிட்டிருந்தாள்: சிவப்புத் தொப்பி போட்ட பையன் மரத்தடியில் கிடந்த பந்தை உதைத்தான்.

"ஒட்டுச் சீட்டா? எத்தன வேணும்? முந்நூறா, அஞ்சூறா?"

"ஒண்ணு போதும்ண்ணே."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சீட்டை அச்செடுத்து, தானே கத்தரியால் ஓரம் நறுக்கி, ஒரு பழைய உறைக்குள் போட்டு, பக்கத்தில் இருந்த வெள்ளைப் பசை டப்பாவையும் எடுத்துக் கொடுத்தார். "இது நல்லாப் பிடிக்கும். கொஞ்சமா வைங்க, அதிகமா வெச்சா தாள் சுருங்கிடும்," என்று மட்டும் சொன்னார்.

தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பினாள். மகள் பள்ளி முடிந்து வந்து பையைப் போட்டுவிட்டுப் பக்கத்து மைதானத்துக்குப் பந்து விளையாடப் போயிருக்கும் நேரம் அது. ஆறு மணிக்குத்தான் வருவாள். வீடு பூட்டியிருந்தது. இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீடு. அவன் இருந்தபோது இடம் போதவில்லை என்று மூன்று பேரும் முட்டிக்கொண்டார்கள். இப்போது கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குப் போக வெகுதூரம் நடப்பதாக இருந்தது. மகளின் பை நாற்காலியில் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு நாத்தனார் வாங்கிக் கொடுத்த புதுப் பை. ஜிப் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

திருடியைப்போலத்தான் பையைத் திறந்தாள். புத்தகத்துக்கு மகள் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே தன் பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சின்னதாக, 'எங்க அம்மா எழுதுனது' என்று. அவள் அதைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கம் புத்தம் புதுசாக இருந்தது, ஒரு கோடு இல்லை. அப்பாடா, என்று நினைத்தாள். விரலால் பசையைத் தொட்டுச் சீட்டின் பின்னால் தடவினாள். தட்டச்சு அண்ணன் கொஞ்சமாக என்று சொன்னது ஞாபகம் வருவதற்குள் நிறைய வைத்துவிட்டாள். சீட்டை வாக்கியத்தின்மேல் பொருத்தி அழுத்தியபோது ஓரங்களில் பசை பிதுங்கியது. அதைத் துடைத்தாள், துடைத்த விரலைத் துடைக்க இன்னொரு விரல், அதைத் துடைக்க இன்னொன்று. பத்து விரலிலும் பசை. பையன் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டான். மற்றபடி கச்சிதம்தான். எழுத்து அதே எழுத்து, நீளம் அதே நீளம். நன்றாக உற்றுப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

அப்போது கதவு திறந்தது.

"பந்து சாக்கடையில விழுந்துடுச்சு. எடுக்கறதுக்கு ஒருத்தியும் வரமாட்டேங்கறா. போங்கடின்னு வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே மகள் செருப்பைக் கழற்றினாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள், திறந்திருந்த பையைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். வேர்வை நாற்றமும் மண் நாற்றமும் அடித்தது.

"என்னம்மா பண்ற?"

"ஒரு தப்பு இருந்துச்சு. திருத்தினேன்."

மகள் குனிந்து பார்த்தாள். முதலில் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு சுண்டுவிரலை வைத்து ஒவ்வொரு வாக்கியமாக இறக்கிக்கொண்டே வந்து பதினேழில் நிறுத்தினாள். ஈரச் சீட்டு விரலில் லேசாக ஒட்டி விலகியது. அவள் அந்த வாக்கியத்தைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பக்கத்தையே படித்திருக்கலாம்.

"இந்தப் பையன் யாரு?" என்றாள்.

"யாருமில்ல. சும்மா ஒரு பையன்."

"புக்கு குடுத்த அன்னிக்கே நான் முழுசாப் படிச்சுட்டேன்மா. உன் புக்கு எப்ப வந்தாலும் மொத நாளே படிச்சுடுவேன், உனக்குத் தெரியாதா?"

தெரியும். எப்படி மறந்தாள் என்பதுதான் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்தே மகளுக்கு அந்தப் பழக்கம். புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்து வந்து, தப்புக்கு ஒரு சாக்லேட் என்று அப்பாவிடம் வசூல் பண்ணுவாள். அம்மா தப்புப் பண்ணினால் அப்பா கட்ட வேண்டும் என்பது அவர்கள் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம்.

"எல்லாத்தையும் படிச்சேன். அப்பா சட்ட, அப்பா பிரஷ்ஷு. அப்புறம் இது." மகளின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. மூக்கு நுனி மட்டும் சிவந்துவிட்டிருந்தது. "நேர்ல சொல்ல முடியாம, நான் படிப்பேன்னு தெரிஞ்சு, எனக்குத்தான் எழுதியிருக்கேன்னு நெனச்சேன். நீயா எப்ப பேசுவேன்னு பாத்துட்டிருந்தேன். மூணு வாரமா. இப்ப எதுக்கு ஒட்டி மறைக்கற?"

ஆமாம் உனக்குத்தான் எழுதினேன் என்று சொல்லிவிடலாம். ஒரு தலையாட்டல் போதும், மகள் நம்பிவிடுவாள். ஏழு மாதத்துக்கு முன்பு அந்த இன்னொரு பொய்யும் இப்படித்தான், கேட்ட நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"உனக்குன்னு எழுதல," என்றாள். "எழுதினதே எனக்குத் தெரியல. இன்னிக்குத்தான் பாத்தேன். நீ பாத்துடுவியேன்னு பயந்துட்டேன்."

மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாலை வெயில் சுவரில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் மகள்.

"எது?"

"அன்னிக்கு சாயங்காலம் அத்த என்னைக் கூப்பிட்டு, உங்கம்மா போன சார்ஜ் போட்டு எடுத்துட்டு வா, அவ ஆபீஸ் ஆளுங்களுக்குச் சொல்லணும்னாங்க. நீ அப்பா பக்கத்துல உக்காந்திருந்த. உன் பையிலேருந்து நான்தான் எடுத்தேன். ஆஃபெல்லாம் ஆகல. அறுபத்திரண்டு பர்சன்ட் இருந்துச்சு. திறந்து பாத்தேன், அப்பா பேரு செவப்பா வரிசையா இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு அப்புறம்தான் அத்தகிட்ட குடுத்தேன்."

அந்த அழைப்புப் பட்டியலை இவள் அன்றிலிருந்து திறந்ததே இல்லை. யாருக்காவது பேச வேண்டுமென்றால் எண்ணை மனப்பாடமாக அழுத்துவாள். திறந்தால் அந்த நாலும் அங்கே இருக்கும் என்று ஏழு மாதமாகப் போனைப் பாம்பைத் தொடுவதுபோல் தொட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. இந்தப் பெண், நெஞ்சுயரம் வளர்ந்த இந்தக் குட்டி, அன்று வீடு நிறையக் கூட்டம் அழுதுகொண்டிருக்கையில் ஒரு மூலையில் நின்று தன் அப்பாவின் கடைசி அழைப்புகளை ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள். அத்தை அம்மாவைத் திட்டிவிடக் கூடாதென்று. அதற்குப் பிறகு அம்மா சார்ஜ் இல்லை என்று சொன்னதற்குத் தலையாட்டியும் இருக்கிறாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவேன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா நீ அழவே இல்ல. அதான் இன்னும் பயமாயிடுச்சு." மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா நீ எழுதினதுல ஒரு தப்பு இருக்கும்மா."

"என்ன?"

"நாலு இல்ல. அஞ்சு."

அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தது, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அஞ்சாவது பதினொண்ணு நாப்பதுக்கு," என்றாள் மகள். "நாலுக்கும் அதுக்கும் நடுவுல ரொம்ப நேரம் இருக்கு. அந்த நேரத்துல அப்பா என்ன பண்ணியிருப்பாருன்னு நான் யோசிச்சுட்டே இருப்பேன். கொஞ்சம் சரியாப் போச்சுன்னு நெனச்சிருப்பாரோ என்னவோ." பிறகு, விசாரணையாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். "அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

பதினொன்று நாற்பது. வெள்ளிக்கிழமை. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்கட்டில் டீ குடிக்கப் போனாள். வேறு ஏதாவதாக இருந்திருக்கக் கூடாதா? வேலையில் மூழ்கியிருந்தேன் என்றோ, நானும் அவரையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றோ சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்று.

"டீ குடிச்சிட்டிருந்தேன்," என்றாள். "மொதலாளி அன்னிக்கு மீசைக்கு மட்டும் மை அடிச்சிட்டு வந்திருந்தாரு. தலையெல்லாம் வெள்ள, மீச மட்டும் கருப்பு. தட்டச்சு அண்ணன் அதப் பத்தி என்னமோ சொன்னாரு. நான் சிரிச்சிட்டிருந்தேன்டி. டீ மூக்குல ஏறற அளவுக்குச் சிரிச்சிட்டிருந்தேன்."

சொல்லி முடித்தாள். வானம் இடிந்து விழவில்லை. மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மூன்று பேராக இருந்த காலத்தில் அம்மா அப்படிச் சிரித்து அவளும் பார்த்திருக்கிறாள். அதை ஞாபகப்படுத்திப் பார்க்கிறவள்போல இருந்தாள்.

"மீசைக்கு மட்டுமா?" என்றாள் கடைசியில்.

"மீசைக்கு மட்டும்."

மகளின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே நிச்சயமில்லை போலிருந்தது. அவள் அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்து மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். பத்து விரலிலும் பசை காய்ந்து தோல்மேல் இன்னொரு தோலாக வெளுத்துக் கிடந்தது. "என்னம்மா இது, சின்னப் பிள்ள மாதிரி," என்று அதட்டிவிட்டு, கட்டைவிரலில் நகத்தைக் கொடுத்து ஓரத்தைக் கிளப்பினாள். பசை மெல்லிய சவ்வாக, ரேகை ரேகையாக, முழுசாக உரிந்து வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு ஆள்காட்டி விரலுக்குப் போனாள். பிறகு நடுவிரல். விளக்குப் போடும் நேரம் ஆகிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

மோதிர விரலில் பசை நகக்கண்ணோடு பிடித்துக்கொண்டிருந்தது. மகள் வெடுக்கென்று இழுத்தாள். கூடவே ஓரத்துத் தோலும் கொஞ்சம் வந்தது.

"ஆ!" என்றாள் அவள்.

"வலிக்குதா?"

ஊசிமுனை அளவுக்கு ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் அதையே பார்த்தாள். கண் கலங்கிக்கொண்டு வந்தது, விரல் எது மேசை எது என்று தெரியாத அளவுக்கு.

"வலிக்குதுடி," என்று சொல்லிவிட்டு, அடுத்த கையையும் நீட்டினாள்.